இரண்டு கல்லூரிகளும் அப்பாவின் காதும்

என்ன படிக்கிறாய் என்று எங்கள் சொந்தக்காரர்கள் கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்லி முடித்துவிட வேண்டும். இன்ஜினியரிங், சி.ஏ., டாக்டர். பதில் இரண்டாவது வாக்கியத்துக்குப் போனால் அவர்கள் கவனம் பந்திப் பக்கம் போய்விடும். நான் சென்னையில் நான்கு வருடம் படித்தது செவித்திறனும் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்த ஒரு பட்டப்படிப்பு. இதை விளக்கி விளக்கி அலுத்துப்போய், கடைசியில் “காது கேக்குதான்னு பாக்குற படிப்பு” என்று சுருக்கிக்கொண்டேன். ஆமத்தூரில் ஒரு கல்யாணப் பந்தலில் என் சித்தப்பா விடவில்லை. அவர் அப்பாவின் தம்பி, சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார்.

“அப்ப நீ டாக்டரா, இல்ல டாக்டர் மாதிரியா? மாப்பிள வீட்டுல என்னன்னு சொல்லுறது?”

“காது கேக்காத மாப்பிளையாப் பாருங்க சித்தப்பா. யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.”

அவர் சிரித்தார். ஆனால் அந்த வாரமே, மேலே படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், “இதுல மேல வேறயா?” என்று அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்று வந்தது. அவர் பிறகு ஒரு பெட்டி சேவு அனுப்பி வைத்ததால் போனது.

மேலே படிப்பது என்றால் முதுநிலையில் செவித்திறன் மட்டும். எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று வேறு மாநிலத்தில், மிகப் பெரிய பெயர். எங்கள் துறையில் அந்தப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். முதல் வருடத்தில் எங்கள் பாடப்புத்தக அட்டையின் உள்பக்கத்தில் அந்தப் பெயரைப் பேனாவால் எழுதி வைத்தவள் நான். இன்னொன்று தமிழ்நாட்டுக்குள்ளேயே, ஒரு மருத்துவமனையை ஒட்டிய சின்னக் கல்லூரி. எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் விண்ணப்பம் போட்டிருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே வெள்ளிக்கிழமை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். ஒன்றுக்குச் சம்மதம் சொன்னால் மற்றது போய்விடும்.

நான் லேப்டாப்பில் ஒரு பட்டியல் போட்டேன். ஆசிரியர்கள், கருவிகள், ஆய்வுக்கூடம், படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று வரிசை வரிசையாக. எல்லா வரியிலும் பெரிய பெயர்தான் ஜெயித்தது. ஜெயிக்கிற மாதிரிதான் நான் வரிகளையே போட்டிருந்தேன் என்பது வேறு விஷயம். அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார்.

“எல்லாஞ் சரி தாயி. சாம்பிள் பாத்தியா?”

“காலேஜுக்கு என்னப்பா சாம்பிளு?”

“சாம்பிள் பாக்காம நம்ம எதையாச்சும் எடுத்திருக்கமா? கேட்லாக்க வச்சு ஆர்டர் போட்டவன் எவனும் உருப்பட்டதில்ல. ரெண்டு வருசம் படிக்கப் போற. அங்கன போயி, அவுக எப்படிக் காது பாக்குறாகன்னு பாத்துட்டு வருவோம்.”

இதைச் சொல்ல அப்பாவுக்கு உரிமை உண்டு. சாம்பிள் பார்ப்பதுதான் அவர் தொழில். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் பங்குதாரர். விருதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் காலை கிளம்பிப் போவார். கணக்கு வேறு ஒருவர், லோடு ஏற்றுவது வேறு ஒருவர். புதுச் சரக்கு தயாரானால் பின்னாலிருக்கும் பொட்டலில் வைத்து வெடித்துப் பார்த்து, “இது போகும், இது போகாது” என்று சொல்வது அப்பா. வானத்தில் போய் வெடிக்கிற ஷாட் பெட்டியில் அவர் பெரிய கெட்டிக்காரர். ஒரு திரியில் நெருப்பு வைத்தால் குழாய் குழாயாகப் பற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகும். முப்பது ஷாட் என்றால் முப்பதும் வெடிக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முடிந்ததும், “பதினேழாவது பிந்திருச்சு” என்பார். இப்போது சத்தத்தை அளக்க மீட்டர் வந்துவிட்டது. ஆனாலும் வடக்கேயிருந்து வரும் வியாபாரிகள் மீட்டரைப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையாட்டினால்தான் ஆர்டர்.

அந்தக் காதுகளை நான் ஒருமுறை சோதித்திருக்கிறேன். மூன்றாம் வருடம் படிக்கும்போது எங்கள் கல்லூரியிலிருந்து காரியாபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். மகள் வேலை பார்ப்பதைப் பார்க்க அப்பா சலவைச் சட்டையோடு வந்துவிட்டார். வந்தவரை விடுவேனா? ஓரமாக இருந்த வகுப்பறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். லேசாகச் சத்தம் கேட்டாலும் அமுக்க வேண்டும். வாசல் வரை வரிசை நின்றது. நான் மடமடவென்று சத்தத்தைக் கொடுத்துக்கொண்டே போனேன், அவர் மடமடவென்று அமுக்கிக்கொண்டே வந்தார். ஒன்றைக்கூட விடவில்லை. அட்டையில் ‘குறைபாடு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் பக்கம் ஒரு காகிதம் முக்கியமானது என்று தோன்றிவிட்டால் அது பீரோவுக்குப் போகாது. அப்பா நேராகச் சித்தப்பாவின் அச்சகத்துக்குப் போய் அந்த அட்டையை லேமினேட் செய்துவிட்டார். கம்பெனி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் “எம்மக பாத்துச் சொன்னது” என்று காட்டினார். வீட்டில் அம்மாவிடமும் காட்டினார். அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பக் காது நல்லாத்தான் இருக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

“சின்னப் பயலுக காது மாதிரி இருக்கும்மா.”

“சரி” என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு புதுப் பழக்கம் பிடித்தாள். அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சென்னையிலிருக்கும் எனக்குப் போன் போட்டுச் சொல்லுவாள். “அப்பாட்ட சொல்லு, போயித் தயிரு வாங்கியாரச் சொல்லு. அப்பாட்ட சொல்லு, நாளைக்குக் கரண்டு இருக்காதாம்.” அப்பா பக்கத்து அறையில்தான் இருப்பார். ஏம்மா, ரெண்டு எட்டு வச்சு நீயே சொல்லக் கூடாதா என்றால், “நான் சொன்னா அவுக காதுல ஏறாது. நீ சொன்னா ஏறும்” என்பாள். இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவர்களின் ஊடல் என்று நானும் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். விருதுநகரிலிருந்து சென்னைக்குப் போய் விருதுநகருக்கே திரும்பி வரும் தயிர்ச் செய்தி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம்.

ஆனி மாதம் என்றால் கம்பெனியில் தீபாவளி சீசன் ஆர்டர் குவிந்து கிடக்கும். அந்த நேரத்தில் அப்பா மூன்று நாள் விடுப்பு எடுத்ததை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. எனக்காக எடுத்தார். ரயிலில் எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்துக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். அவர் ஓ.பி. சீட்டு போட்டு நோயாளி மாதிரி உள்ளே போவார். நான் அவருடைய மகளென்றோ, அங்கே சேரப்போகிறவளென்றோ காட்டிக்கொள்ளக் கூடாது.

“தெரிஞ்சா நல்ல சரக்கா எடுத்து மேல வச்சிருவாக” என்றார்.

பெரிய பெயர்க் கல்லூரி என் ஆசைக்குக் குறைவில்லாமல் இருந்தது. மரங்கள், நூலகம், கண்ணாடிக்குப் பின்னால் நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த கருவிகள். அப்பா நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர் பெஞ்சில், திருட வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவரைப் பார்க்கவேண்டிய மாணவர் சுறுசுறுப்பானவர். அப்பா உள்ளே போனது தெரியும், ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் வெளியே நிற்கிறார். கையில் தாள். வயதுக்கு நல்ல காது, ஒரு குறையும் இல்லை.

“என்னா வேகம், என்னா வேகம்” என்றார் அப்பா. “இதான் தாயி இடம். முடிச்சிருவோம்.”

எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. நான்கு வருட ஆசைக்கு அப்பாவே சரி சொல்லிவிட்டார். அப்படியே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றேன். அப்பா மறுத்துத் தலையை ஆட்டினார்.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், சரி. இங்கன ரெண்டு பானையில்ல இருக்கு?”

எனக்கு எரிச்சல். வியாபாரி வீட்டில் பிறந்தால் சந்தோஷத்தைக்கூட இரண்டு கடையில் விசாரித்துவிட்டுத்தான் படவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

சின்னக் கல்லூரியில் மரம் கிடையாது. மருத்துவமனையின் பின்புறம் இரண்டு மாடி, மாடிப்படியில் ஈரத்துணி வாசனை. வரிசை மெதுவாக நகர்ந்தது. அப்பாவைக் கூப்பிட்டது தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண், முதுநிலை இரண்டாம் வருடம். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். முதலில் அவரை எதிரில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன வேலை, எத்தனை வருடம், வீட்டில் டி.வி.யை யார் சத்தமாக வைப்பது என்று. எனக்குக் கொட்டாவி வந்தது. பிறகு கதவை மூடிக்கொண்டார்கள்.

காபி குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். அப்பா வரவில்லை. அவருக்குப் பிறகு போன இரண்டு பேர் பக்கத்து அறையில் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். இந்த வேகத்தில் வேலை பார்த்தால் என்று நான் மனதுக்குள் மதிப்பெண் குறைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஐயாகூட யாராவது வந்திருக்கீங்களா?”

எழுந்து போனேன். மகள் என்றேன், அதற்கு மேல் சொல்லவில்லை. அப்பா ஒலி புகாத அறைக்குள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி கையசைத்தார்.

“முதல்ல எல்லாத்தையும் சரியா அமுக்கினாருங்க” என்றாள் அவள். “ரொம்ப ரொம்பச் சரியா. அதான் எனக்கு இடிச்சுது. மனுசங்க இவ்வளவு ஒழுங்கா அமுக்க மாட்டாங்க. யோசிப்பாங்க, தயங்குவாங்க, ஒண்ணு ரெண்டு விடுவாங்க. அப்புறம் என் வாயை மறைச்சுக்கிட்டுச் சின்னச் சின்ன வார்த்தையாச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பாதிக்கு மேல வரலை. அந்தச் சோதனைக்கும் இதுக்கும் பொருந்தவே இல்லை. இப்ப பாருங்க.”

அவள் சோதனைக் கருவியின் முன்னால் உட்கார்ந்து மெல்லிய சத்தம் ஒன்றைக் கொடுத்தாள். அப்பா அமுக்கினார். இன்னொன்று. அமுக்கினார். மூன்றாவது. பிறகு அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா தரையைப் பார்த்தபடி, நிதானமாக, ஒரே சீரான இடைவெளியில் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

“நான் சத்தமே கொடுக்கலைங்க” என்றாள் அவள்.

அவரை வெளியே கூட்டிவந்து கேட்டபோது அப்பாவுக்கு விளங்கவே இல்லை. ஏமாற்றினேன் என்கிறீர்களா என்று முகம் சிவந்தது. அவள் பதறாமல், அவர் முகத்துக்கு நேரே குனிந்து, அமுக்கும்போது என்ன கேட்டது என்று மட்டும் கேட்டாள். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

“முதல்ல நாலஞ்சு நல்லாக் கேட்டுச்சு. கேப்பு புடிபட்டுருச்சு. அதுக்கப்புறம் அது வர வேண்டிய நேரம் எனக்குத் தெரியும்ல. அந்த நேரம் வந்துச்சு, அமுக்குனேன்.” என்னைப் பார்த்துத் திரும்பினார். “பொட்டல்ல அப்படித்தான தாயி? இடைவெளிய வச்சுத்தான பாக்குறது.”

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதாகவே நம்பினார். முப்பது வருடம் ஷாட் பெட்டிகளுக்கு முன்னால் நின்ற மனிதர். பக்கத்தில் நின்று கேட்ட அத்தனை வெடியும் அவர் காதைத் தின்றுவிட்டு இடைவெளியை மட்டும் விட்டுவைத்திருந்தது. அவள் அடுத்த சோதனையில் இடைவெளியை மாற்றி மாற்றி, நீண்ட மௌனங்களை நடுவில் போட்டு, பொறுமையாக மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை கோடு தாளில் கொஞ்ச தூரம் நேராக வந்து, பாதியில் கிணற்றுப் படி மாதிரி இறங்கிவிட்டது. அதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கனத்த சத்தம் கேட்கும். மெல்லிய, உயர்ந்த சத்தம் கேட்காது. யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. கண்ணெதிரே நின்று பேசினால் முகத்தை வைத்துச் சமாளிக்கலாம். போன் என்றால் சத்தத்தைக் கூட்டிக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னாலிருந்து, அடுப்படியிலிருந்து, பக்கத்து அறையிலிருந்து பேசினால் ஒன்றும் ஆகாது. அதிலும் பெண் குரல்.

காரியாபட்டியில் நான் மடமடவென்று கொடுத்ததும் அவர் மடமடவென்று அமுக்கியதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நானும் இதே படிப்பு, இதே அப்பாவை நானே சோதித்தேன், குறையில்லை என்று கையெழுத்துப் போட்டேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நானும் அப்படித்தாங்க இருந்தேன்” என்றாள். “இங்க சேர்ந்த முதல் மாசம் நோயாளியவே தொட விடமாட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தணும். ஒருத்தி காது கேட்காதவளா நடிப்பா, ஒருத்தி கேக்குற மாதிரி நடிப்பா, இன்னொருத்தி கண்டுபிடிக்கணும். எங்க மேடம் தானும் வந்து உட்கார்ந்து ஏமாத்துவாங்க. நான் அவங்ககிட்ட பதினோரு நாள் தோத்தேன்.”

என் பட்டியலில் இதற்கு வரி இல்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்தைப் பார்த்துப் பேசினேன். அதைச் செய்யும்போதே இத்தனை நாள் செய்யாமல் விட்டதற்கு வெட்கமாக இருந்தது. கருவி மாட்டிக்கொண்டால் பெருமளவு சரியாகும் என்றேன்.

“நீ படிச்சு முடிச்சு நீயே மாட்டி விடு.”

“ரெண்டு வருசமெல்லாம் காத்திருக்க முடியாதுப்பா. அடுத்த மாசம் மாட்டுறோம்.”

“கம்பெனியில தெரிஞ்சா?”

“மீட்டர் இருக்கு. இடைவெளி பாக்க நீங்க இருக்கீக. அதுல உங்களை மிஞ்ச ஆளில்லன்னு இப்பத்தான் பரிட்சையே வச்சுப் பாத்தாச்சு.”

சிரித்தார். பிறகு மெதுவாக, “அம்மாட்ட சொல்லாத. கவலப்படுவா” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பஸ் என்றும் பாராமல் சத்தம் போட்டேன். அம்மா இப்போது மட்டும் கவலைப்படவில்லை என்று நினைக்கிறீர்களா, எதற்காக எனக்குப் போன் போட்டு உங்களிடம் தயிர் வாங்கச் சொல்கிறாள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்பா விழித்தார்.

“அவ எங்கிட்டப் பேச்சையே கொறச்சுட்டா தாயி. ரெண்டு வருசமா. எம்மேல என்னமோ வருத்தம்போல, தீர்றப்பத் தீரட்டும்னு இருந்துட்டேன்.”

அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் பேச்சுக்காக மற்றவர் காத்துக்கொண்டு இரண்டு வருடம் இருந்திருக்கிறார்கள். நடுவில் என் கையெழுத்துப் போட்ட அட்டை. அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதேன். முன் சீட்டுக்கார அம்மா திரும்பிப் பார்த்து, கல்யாணம் பேசி முடிச்சிருக்காகளோ என்று அனுதாபமாகக் கேட்டார்.

வீட்டுக்குப் போனது வெள்ளிக்கிழமை பிற்பகல். சம்மதம் சொல்ல அன்று மாலை வரைதான் நேரம். அப்பா கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். அம்மா உள்ளறைக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாளை விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அம்மாவிடம் எப்போதும் வாய் அதிகம். அன்று வார்த்தை தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

அம்மா கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுக்கவில்லை.

“அப்ப அவுகளுக்குக் கேக்கலையா?”

“கேக்கலம்மா.”

“நான் திட்டுனதெல்லாம்?”

“அதுவும் கேக்கல.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். ஒரு நொடி உதடு அந்தப் பக்கம் போகவும் செய்தது. பிறகு அப்படியே இறங்கிவிட்டது.

“மொதல்ல எனக்கும் சந்தேகந்தான் இருந்துச்சு. காதுல ஏதோ கோளாறுன்னுதான் நெனச்சேன்” என்றாள். “நீதான பாத்துட்டு நல்லா இருக்குன்ன. படிச்ச பிள்ள சொல்லுது. அப்பறம் என்ன, காது நல்லா இருக்கு, எம்பேச்சுத்தான் வேண்டாம்போலன்னு விட்டுட்டேன்.”

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மன்னிச்சுக்கோம்மா என்றேன். அவள் என் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள்.

கூடத்துக்குப் போய் அப்பாவின் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி ஓரமாக வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியும் முட்டியும் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்திருப்பார்களா என்று தெரியவில்லை.

“ஏங்க. என்னைய ஒருக்க திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போறீகளா? சாமி கும்புட மட்டுமில்ல. ஒரு நாள் தங்கி, சும்மா கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.”

“போவமே” என்றார் அப்பா உடனே. “இதுக்கென்ன? சொல்லியிருந்தா எப்பவோ போயிருக்கலாம்ல.”

“சொன்னேன்” என்றாள் அம்மா.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வேற என்ன சொன்ன?” என்று கேட்டார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்தேன். சின்னக் கல்லூரியின் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது, எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று. பெரிய பெயர்க் கல்லூரிக்கு அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இங்கே, ‘காது கேட்காத ஒருவருக்குக் கேட்கிறது என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்’ என்று எழுதி அனுப்பினேன். கூடத்தில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.